எதிர்க்கட்சிக்கும் ஒரு திண்ணை வேண்டும்

கொல்கத்தாவின் பாலிகஞ்ச் சட்டமன்றத் தொகுதியில், சுப்ரதா முகர்ஜியின் மறைவை ஒட்டி 2022 ஏப்ரல் 12-ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்தது. வாக்களித்தவர்கள் சுமார் 41 சதவீதமே. கட்சிக் கொடிக்கும் சுவர் எழுத்துக்கும் பஞ்சமே இல்லாத ஒரு நகரில், பாதிக்கு மேற்பட்டோர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

கட்சிகள் தெருவுக்குள் நுழைந்ததே எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்று சொல்வோர் பலர். லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்து அலுவலகத்துக்கும் கடைக்கும் போய்வரும் தமிழர்களில் இப்படிச் சொல்வோர் இன்னும் அதிகம். பிழைக்க வந்த ஊரில் வம்பு எதற்கு என்பது அவர்கள் கேள்வி. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதிலிருந்து அவர்கள் வரும் முடிவு சரியல்ல.

மேற்கு வங்கத்தில் 1978-ல்தான் முதன்முறையாகக் கட்சிச் சின்னங்களுடன் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. அதே ஆண்டில் தொடங்கிய 'பர்கா' இயக்கத்தின் மூலம், காலப்போக்கில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட குத்தகை விவசாயிகளின் பெயர் பதிவாயிற்று. அதிகாரிகள் மட்டும் தாளும் பேனாவுமாகப் போயிருந்தால், நிலச்சுவான்தாருக்கு அஞ்சி வாய் திறந்திருப்பவர் எத்தனை பேர்? கூடவே விவசாய சங்கத் தொண்டர்கள் நின்றார்கள். அவர்கள் நடுநிலையாளர்கள் அல்லர். ஒரு கட்சியைச் சார்ந்தவர்கள்.

தமிழ்நாட்டின் கதையும் இதுவே. 1949-ல் பிறந்த தி.மு.க., படிப்பகங்களிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் தேநீர்க் கடைகளிலும் பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டித்தான் எழுத்தறியாதவனையும் அரசியல் பேச வைத்தது. தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்பதையே 1956 திருச்சி மாநாட்டில் வந்திருந்தோரிடம் வாக்கெடுத்துத் தீர்மானித்தது. 1967-ல் ஆட்சிக்கும் வந்தது. சாமானியனின் குரல் கோட்டைக்குப் போய்ச் சேர, கட்சித் தொண்டன் என்ற ஏணி தேவைப்பட்டது.

அந்த ஏணியே வேலியானதும் உண்டு. 34 ஆண்டுக்கால இடதுசாரி ஆட்சியில், வாடகைத் தகராறு முதல் குடும்பச் சண்டை வரை உள்ளூர்க் கமிட்டி தீர்ப்புச் சொல்லும் நிலை ஏற்பட்டது. கட்சிக்கும் சர்க்காருக்கும் நடுவே இருந்த சுவர் கரைந்தது. 2007 மார்ச் 14-ல் நந்திகிராமத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் மாண்டார்கள். 2011 தேர்தலில், பாலிகஞ்சுக்குப் பக்கத்திலிருக்கும் ஜாதவ்பூரில் முதலமைச்சர் புத்ததேவ் பட்டாச்சார்யாவே தோற்றார்.

கொடி மாறியது; பழக்கம் மாறவில்லை. 2018 பஞ்சாயத்துத் தேர்தலில் மொத்தம் 58,692 இடங்களில் 20,159 இடங்களுக்குப் போட்டியே இல்லை. எதிர்க்கட்சியினர் மனுச் செய்யவிடாமல் தடுக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. உச்சநீதிமன்றம் அந்த முடிவுகளை ரத்துச் செய்யவில்லை என்பது உண்மை. ஆயினும், மூன்றில் ஒரு பங்கு இடங்களில் மக்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கிட்டவில்லை என்பதும் உண்மை.

ஆகவே, ஒரு தெருவில் கட்சி இருப்பது நோயல்ல. ஒரே கட்சி மட்டும் இருப்பதுதான் நோய். எதிர்க்கட்சிக்கும் அத்தெருவில் உட்கார ஒரு திண்ணை இருந்தால், ஆளும் கட்சிக்காரரின் குரல் தானே தணியும். 2025 நவம்பர் 4-ஆம் தேதி மேற்கு வங்கத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே நாளில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் இதைத் தெளிவாக்கியது. வாக்குச்சாவடிதோறும் கட்சிகள் தத்தம் முகவர்களை நியமிக்கத் தேர்தல் கமிஷன் இடமளிக்கிறது. ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் படும் என்பதே இதன் தத்துவம். இறந்தவர் பெயர் பட்டியலில் வாழ்வதையும், வாழ்பவர் பெயர் மறைவதையும் இப்படிப் பகைக்கட்சிகள் ஒன்றையொன்று கண்காணிப்பதால்தான் தடுக்க முடியும்.

வெளிமாநிலத் தமிழருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. ஒருவர் பெயர் ஒரு தொகுதியில்தான் இருக்கலாம் என்பது 1950-ஆம் ஆண்டுச் சட்டம். சாதாரணமாகக் குடியிருக்கும் இடமே அதற்குரிய இடம். இருபது ஆண்டு பாலிகஞ்சில் குடியிருந்துகொண்டு வாக்கை மட்டும் தஞ்சையில் வைத்திருப்பவர், தம் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராதபோது எந்தக் கவுன்சிலரை அதட்டிக் கேட்பார்? வாக்கில்லாதவர் சொல் அம்பலம் ஏறாது.

பதிவு செய்துகொள்வதோடும் நின்றுவிடக் கூடாது. வார்டுக் கூட்டத்துக்குப் போக வேண்டும். வங்காளியில் நாலு வார்த்தை கேட்கப் பழக வேண்டும். பிடித்த கட்சியில் சேருவதிலும் தவறில்லை. ஆனால் சேருமுன் அதன் உள்ளூர்த் தலைவரிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: எதிர்க்கட்சிக்காரர் மனுத் தாக்கல் செய்ய வரும்போது அவருக்கு வழிவிட இக்கட்சி தயாரா? ஆம் என்று சொல்லி, அப்படியே நடந்தும் காட்டுபவர் தொண்டர். மற்றவரை, எந்தக் கொடி பிடித்திருந்தாலும், தாதா என்றே மக்கள் அறிவார்கள்.