தும்பிக்கை வச்ச 'லை'

தாத்தாவோட வெற்றிலை பாக்குக் கடையை, 1970கள்ல இருந்த மாதிரியே 1:48 அளவுல அட்டையில செஞ்சு முடிச்சாச்சு மக்களே! 7 அடி வாசல், 44 மில்லிமீட்டர். கதவுப் பலகைக்கு ஐஸ் குச்சியைச் சீவி, வரிசை நம்பர்கூட போட்டேன். அம்மா பார்த்துட்டு, "எல்லாம் சரி, போர்டு மட்டும் எங்கப்பா கடை இல்லையேடா"ன்னாங்க.

அப்பதான் உறைச்சுது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி 'லை'க்குத் தும்பிக்கை உண்டு. நான் பிரிண்ட் எடுத்ததுல இருந்தது இப்போதைய 'லை'. பொட்டி தட்டுற புத்தி! கிழிச்சுட்டு, பிரஷ் பிடிச்சு கையாலயே எழுதினேன். கோணல்மாணல்தான். அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு இருந்தாங்க.

கதவு, ஜன்னலை ஸ்கேல் வச்சு சரிபண்ணிடலாம். எந்தக் காலத்துக் கடைன்னு சொல்றது போர்டுதான். அதைக் கடைசி வேலையா தள்ளாதீங்க. என்ன சொல்றீங்க?