மழை லீவும் ஏரல் சித்தியும்



முதலில் ஒரு உண்மையை ஒத்துக்கொள்கிறேன். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அப்போது நான் எட்டாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வு நேரம், மறுநாள் கணக்குப் பரீட்சை. ஒண்ணுமே படிக்கவில்லை. "சாமி, நல்லா மழை பெய்யணும், நாளைக்கு லீவு விடணும்" என்று வேண்டிக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தேன். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்கு விடுமுறை என்று கீழே எழுத்து ஓடியது. நம்ம மாவட்டத்தின் பெயர் வரவே இல்லை. "அவங்க மட்டும் கொடுத்து வெச்சவங்க!" என்று சத்தமாகவே சொன்னேன்.

மறுநாள் காலை நான் பரீட்சைக்குக் கிளம்பும்போது அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். எங்கள் சித்தி வீடு ஏரலில், தாமிரபரணிக் கரைப் பக்கம். லைன் போகவில்லை. அன்றைக்கும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. மூன்று நாள் எங்க வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாவது நாள்தான், "உயிரோட இருக்கோம்க்கா, மாடியில ஏறிட்டோம். கீழே எதுவும் மிஞ்சல" என்று சித்தி குரல் கேட்டது.

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்று பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

அந்த மழைக்குப் புயல் என்ற பெயர்கூடக் கிடையாது. குமரிக்கடல் பக்கம் இருந்த வளிமண்டல மேலடுக்குச் சுழற்சிதான் காரணம். ஆனால் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. நம்ம ஜியாமெட்ரி நோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் 30 செ.மீ. ஸ்கேலை எடுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று ஸ்கேலை நிறுத்துங்கள். அதற்கும் மேலே! அந்தப் பகுதிக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டிய மழை ஒரு நாளில் பெய்துவிட்டது. அணைகள் நிரம்பி, தாமிரபரணியில் வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் வாழையும் நெல்லும் போயின. பிள்ளைகளின் புத்தகமும் சான்றிதழும் நனைந்து கூழாயின. நான் "கொடுத்து வெச்சவங்க" என்று சொன்னது இவங்களைத்தான்.

அப்புறம் நானும் எல்லோரையும் போல, "நல்லவேளை, நம்ம ஊருக்கு எதுவும் ஆகல. கடவுளுக்கு நன்றி" என்று சொன்னேன். இது நன்றியா? எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. அடுத்தவன் வீடு மூழ்கியதால் என் வீடு காய்ந்திருக்கிறது என்று சந்தோஷப்படுவது நிம்மதி. அதில் தப்பில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் அது நன்றி ஆகாது என்பது என் கருத்து.

நன்றி என்றால் என்ன என்று எனக்குக் காட்டியவர்கள் புதுக்குடி கிராமத்து மக்கள். அந்த 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நிறுத்தப்பட்டது. முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அடித்துப் போயிருந்தது. ரயிலில் சுமார் 800 பேர். சுற்றிலும் தண்ணீர். இரண்டு இரவு பலர் ரயிலிலேயே கிடந்தார்கள். ஹெலிகாப்டர் வருவதற்கு முன்பே அவர்களுக்குச் சமைத்துப் போட்டது பக்கத்து புதுக்குடி மக்கள்தான். அவர்கள் ஊரிலும் அதே மழை, அதே வெள்ளம்! இருந்த அரிசியை, "நமக்கு நாளைக்கு வேணுமே" என்று பூட்டி வைக்கவில்லை. நம்மிடம் இருப்பது எவ்வளவு என்று தெரிவது பாதி நன்றி. அதைப் பங்கு போடுவதுதான் மீதிப் பாதி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் நிவாரணத்துக்குத் துணி சேர்த்தார்கள். நான் ஜிப் போன ஒரு பழைய சுடிதாரைக் கொண்டுவந்தேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை நீ போடுவியா?" என்று கேட்டாங்க. நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேண்டாததைத் தள்ளிவிடுவது உதவி இல்லை, வீட்டைச் சுத்தம் பண்ணுவது. கடைசியில் ஒரு புதுப் போர்வை, பாய், நாப்கின் பாக்கெட், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி கொடுத்தோம். சித்தியிடம் பிறகு கேட்டபோது, அந்த வாரம் அவங்க ரொம்பத் தேடியது இவைகளைத்தான் என்றார்.

"அப்போ மழை லீவுக்கு ஆசைப்படுவதே பாவமா?" என்று என் தோழி கேட்டாள். இல்லப்பா! லீவு விட்டால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இனிமேல் லீவு செய்தியோடு நிறுத்தாமல், எந்த ஊரில் எவ்வளவு மழை, அங்கே நமக்குத் தெரிந்தவர் யார் என்றும் பார்ப்போம். ஒரு போன் போடுவோம். கொடுப்பதாக இருந்தால் நாம் பயன்படுத்தக்கூடியதைக் கொடுப்போம். 2023-ல் அவங்க. நாளைக்கு நாமாகவும் இருக்கலாம். மேகத்துக்கு மாவட்ட எல்லை தெரியாது.

இதைப் படிக்கிற நேரத்தில் உங்கள் கையில் இருக்கும் புத்தகம் நனையாமல் இருக்கிறதா? முதலில் அதற்கு ஒரு நன்றி சொல்லுங்கள். அப்புறம் செய்ய வேண்டியதைச் செய்யலாம்.

சிந்திப்போம்! பகிர்வோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி