அந்த 'நீ' யார்?

1970இல் பிரேசில் பாடகர் சிக்கோ புவார்க்கி ஒரு சம்பா பாட்டைத் தணிக்கைக்கு அனுப்பினார். 'அபெசார் தே வோசே' என்பது தலைப்பு. படித்த அதிகாரிகளுக்கு அது காதலர் சண்டையாகத் தெரிந்தது. முத்திரை குத்தி அனுமதித்துவிட்டார்கள். இசைத்தட்டு ஏறத்தாழ ஒரு லட்சம் விற்ற பிறகுதான், பாட்டில் வரும் 'நீ' காதலி அல்ல, நாட்டை ஆண்ட ராணுவத் தளபதி மெடிசி என்று உறைத்தது. உடனே தடை. தொழிற்சாலையில் மிஞ்சியிருந்த தட்டுகளையும் நொறுக்கினார்கள். யாரந்த 'நீ' என்று விசாரணையில் கேட்டதற்கு, "ரொம்ப அதிகாரம் பண்ணுகிற ஒரு பெண்" என்றாராம் சிக்கோ.

போராட்டப் பாட்டு என்றாலே முஷ்டியை உயர்த்தி முழங்குவது என்றொரு நினைப்பு நமக்கு. மேடையும் மைக்கும் கிடைக்கிற நாட்டில் அது சரி. பிரேசிலில் 1968 டிசம்பரில் நாடாளுமன்றத்தையே மூடிவிட்டார்கள். அரசியல் கைதிகளுக்கு ஆட்கொணர்வு மனு உரிமையும் போயிற்று. அந்த மாதமே பாடகர்கள் காயெத்தானோ வெலோசோவும் ஜில்பெர்த்தோ ஜில்லும் கைதாகி, பிறகு லண்டனுக்குப் போக நேர்ந்தது. அங்கே முழக்கத்தைவிடக் கைகொடுத்தது சிலேடைதான். காளமேகத்தைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாடு திரும்பிய ஜில், 1973இல் சிக்கோவுடன் சேர்ந்து எழுதிய பாட்டு 'காலிசி'. போர்த்துகீசிய மொழியில் கிண்ணம் என்றாலும் 'வாயை மூடு' என்றாலும் உச்சரிப்பு ஒன்றே. இந்த முறை தணிக்கைக்காரர்கள் ஏமாறவில்லை. சாவோ பாவ்லோ மேடையில் இருவரும் சொற்களை விட்டுவிட்டு முணுமுணுத்துப் பார்த்தார்கள். மைக்குகள் ஒவ்வொன்றாக அணைக்கப்பட்டன. பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான உரையை எந்தப் புலவரும் எழுதியிருக்க முடியாது! அது இசைத்தட்டாக வர 1978 ஆயிற்று.

பாட்டுதான் ஆட்சியைக் கவிழ்த்தது என்பது மிகை. ராணுவம் 1985 வரை அசையவில்லை. ஆனால் அந்த 'நீ' யாரென்று பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியும் என்பது, சேர்ந்து பாடும்போதுதான் ஒருவனுக்குப் புரிகிறது. சர்வாதிகாரம் அஞ்சியது இதற்குத்தான்.

சிக்கோ என்ற பெயரைக் கண்டாலே பாட்டுகள் திரும்பி வந்தன. 1974இல் ஜூலின்யோ தா அதெலாய்தே என்றொரு புதுப் பாடலாசிரியர் முளைத்தார். அவர் பாட்டுகள் சுலபமாகத் தேறின. அவற்றில் ஒன்றில், வாசலுக்கு வந்த போலீசைக் கண்டு பயந்தவன் உதவிக்குத் திருடனைக் கூப்பிடச் சொல்கிறான். ஜூலின்யோ பத்திரிகைக்குப் பேட்டிகூடக் கொடுத்தார். அவர் சிக்கோவேதான் என்பது மறு ஆண்டு அம்பலமாயிற்று. அதன்பின் தணிக்கைக்கு வரும் ஒவ்வொரு பாட்டோடும் எழுதியவரின் அடையாள அட்டை நகலையும் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள்.