மறைப்பது அன்பாகுமா?

புற்றுநோய் என்னும் சொல்லைத் தமிழர் இல்லங்களில் பலர் இன்றும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'அந்த நோய்' என்பர். 'பெரிய வியாதி' என்பர். அதனையும் குரலைத் தாழ்த்தியே சொல்வர். ஊரார் அறியாது மறைப்பது ஒருபுறம் இருக்க, நோயுற்ற தாயிடமே மறைக்கும் வழக்கம் வேரூன்றிக் கிடக்கிறது. மருத்துவரை அறைக்கு வெளியே அழைத்து, "அம்மாவுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்" என்று மூத்த மகன் கைகூப்புகிறான். அவனை நல்ல பிள்ளை என்று உறவின்முறை மெச்சுகிறது. அம்மெச்சுதல் தகுமா?

யாரிடம் மறைக்கிறான் அவன்? தோட்டம் விற்கப்பட்டபோது குடும்பத்தைப் பட்டணத்துக்குப் பெயர்த்து வந்து, தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துப் பிள்ளைகளை ஆளாக்கியவளிடம். மார்பில் தோன்றியது வெறுங் கொழுப்புக்கட்டி என்று அவளிடம் சொல்லப்படுகிறது. கொழுப்புக்கட்டிக்கு முடி கொட்டுமா? 'ரேடியோதெராபி டான் ஓன்கோலோகி' என்று எழுதிய பெயர்ப்பலகையின் கீழ் மணிக்கணக்கில் காத்திருப்பவள், பள்ளியில் மலாய் படித்தவள் அல்லளோ? அறுவைக்கு முன் ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் இடுபவளும் அவளே. அவளுக்குத் தெரியும். தெரிந்ததைக் காட்டிக்கொண்டால் பிள்ளைகள் உடைந்துபோவர் என்று அவளும் நடிக்கிறாள். ஒரே கூரையின்கீழ் அனைவரும் நடிக்க, அவள் அழுவதற்குக் குளியலறை ஒன்றே மிஞ்சுகிறது.

உண்மையைச் சொன்னால் அதிர்ச்சியிலேயே உயிர் போய்விடும் என்பார் உளர். "எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், மகனிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்று கூறும் நோயாளரும் உண்டு, அஃது அவர்தம் உரிமை. ஆனால், அவ்வுரிமையை அவரிடம் கேட்டறியாமல் பிறர் எடுத்துக்கொள்வது எங்ஙனம் பொருந்தும்? வீட்டுப் பத்திரம், கடைசி மகளின் படிப்பு, பத்தாண்டுகளாகப் பேசாதிருக்கும் தம்பி என அவள் தீர்க்க விரும்பும் காரியங்கள் எத்தனையோ இருக்கும். அவற்றுக்குரிய காலத்தை அன்பின் பெயரால் பறிக்கின்றனர்.

இறைநம்பிக்கையைக் காரணம் காட்டுவோர் நிலை இன்னும் விந்தையானது. 'முருகன் பார்த்துக்கொள்வான், நோயின் பெயரைச் சொல்லி மனத்தைக் கெடுக்காதே' என்பர். பெயரைக் கேட்டாலே ஆட்டங்காணுவது என்ன நம்பிக்கை? கொழுப்புக்கட்டி கரைய வேண்டுமென்று அவளை வேண்டச் செய்வது, சந்நிதியிலும் பொய்யை வைப்பதன்றோ?

திருநாவுக்கரசர் வரலாற்றைத் துணைக்கு அழைப்போரும் உண்டு. சூலைநோய் திருநீற்றால் தீர்ந்தது; மருந்தால் தீர்ந்ததா என்று வினவுவர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தை அவர்கள் முழுதும் படித்தல் நன்று. நோயுற்றவர் தம் நோயைத் தமக்கையாருக்கு ஆள்வழி அறிவிக்கிறார். தாமே எழுந்து திருவதிகைக்குச் செல்கிறார். திலகவதியார் அவருக்குத் திருநீறு கொடுத்து, உடன் அழைத்துச் சென்று கோயிலுக்குள் விடுகிறார். ஒளிவு மறைவு அங்கு எங்கே இருக்கிறது? திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்து இறுதிக் குறளோ, நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது. நோயாளியையே முதலில் வைக்கிறது. தமிழாசிரியர் ஆண்டுதோறும் நடத்தும் பாடம் இது.

முற்பிறவி வினை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் பழக்கூடையை வைத்துச் செல்வோரைப் பற்றிப் பேசாதிருப்பதே மேல்.

இம்மூடுமந்திரத்தின் விலை சிறிதன்று. 2012 முதல் 2016 வரையிலான மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோரின் நோய் மூன்றாம் நான்காம் நிலைகளிலேயே கண்டறியப்பட்டது. இதற்குக் காரணங்கள் பல. எனினும், பெயர் சொல்லவே அஞ்சும் வீட்டில் கட்டியைக் கண்ட பெண், தீபாவளி கழியட்டும், தைப்பூசம் முடியட்டும் என்று நாள் கடத்துவதில் வியப்பில்லை. மார்பகப் புற்று தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டால் பிழைப்போர் மிகப் பலர் என்பதை அவளுக்கு யார் சொன்னார்கள்? மலேசியத் தேசியப் புற்றுநோய்ச் சங்கம் 1966இலேயே தோன்றியது. வீடு தேடிச் சென்று நோயாளரைப் பேணும் ஹோஸ்பிஸ் மலேசியா 1991இல் அமைந்தது. கேட்டால் உதவி உண்டு. கேட்பதற்கு நோயின் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

அவ்வீட்டின் கடைக்குட்டி தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்கும் எவரும் சொல்லவில்லை. சுவருக்கு அப்பால் அண்ணன் தொலைபேசியில் பேசியதைப் பாதி கேட்டவள், மீதியைத் தானே கற்பனை செய்துகொள்கிறாள். 'நான் கோபப்படுத்தியதால்தான் அம்மாவுக்கு நோய் வந்தது' என்று நினைக்கும் வயது அது. வீட்டுப்பாடம் எழுதவில்லை என்பதற்காக அவளை வகுப்பு வாயிலில் நிறுத்தும் ஆசிரியர், ஒருநாள் தனியே அழைத்து, "வீட்டில் என்னம்மா?" என்று கேட்டதுண்டா? கேட்டிருந்தால், வருகைப் பதிவேட்டிலுள்ள சிவப்புக் குறிகளுக்குப் பொருள் விளங்கியிருக்கும்.

தாய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை ஐந்து வாரம் என்று வைத்துக்கொண்டால், வாரத்திற்கு ஐந்து நாளாக இருபத்தைந்து முறை மருத்துவமனை சென்று திரும்ப வேண்டும். மூத்தவனுக்கு அத்தனை நாள் விடுப்புக் கிடையாது. வெள்ளிக்கிழமை பூசையில் அவள் பெயருக்கு அர்ச்சனை நடக்கும்போது கைகூப்பி நிற்போர் ஐம்பதின்மருக்குக் குறையார்; அவர்களுள் அச்சிறுமியின் ஆசிரியரும் இருக்கக்கூடும். கோயில் வாசலிலோ கார்கள் வரிசையாக நிற்கின்றன.