லட்ச ரூபா லென்ஸும் இருட்டறைக் கிழடும்

புற ஊதா ஒளியில பூக்களைப் படம் எடுக்க ஆசைப்பட்டு யார்கிட்டயாவது யோசனை கேட்டுப் பாருங்க. "குவார்ட்ஸ் லென்ஸ் இருக்கா? இல்லைன்னா விட்டுடு தம்பி"ன்னுதான் பதில் வரும். ரொம்ப நாளா இந்தப் பதில் மேல எனக்குக் கடுப்பு. இன்னிக்குக் கொட்டிடறேன்.

அவங்க சொல்ற லென்ஸ் சாதாரணப்பட்டது இல்லை. நிக்கானோட யூ.வி.-நிக்கோர் 105 மி.மீ. எஃப் 4.5. குவார்ட்ஸும் ஃப்ளூரைட்டும் சேர்த்துச் செஞ்சது. 220 நானோமீட்டர்ல இருந்து 900 வரைக்கும் ஒளியை விடும். செகண்ட் ஹேண்டிலேயே லட்சங்கள்ல விலை. அதோட தரத்தைப் பத்தி எனக்குச் சண்டையே இல்லை. அது இல்லாம படமே வராதுங்கறதுதான் பொய்.

நான் பி.காம். மாணவன், அதனால கணக்காவே பேசறேன். காஸ்ட் அக்கவுண்டிங்ல 'கீ ஃபேக்டர்'னு ஒண்ணு உண்டு. பத்து மெஷின் இருக்கற ஃபேக்டரியில உற்பத்தியை முடிவு பண்றது எந்த மெஷின் கம்மியா ஓடுதோ அதுதான். மத்த ஒன்பதுக்கும் எவ்வளவு காசு கொட்டினாலும் வீண். யூ.வி. படத்துல அந்த மெஷின் எது? வெயில்ல 300-க்குக் கீழே ஓசோன் படலம் கிட்டத்தட்ட எதையும் விடறது இல்லை. நிறைய பேர் பயன்படுத்தற பாடர் யூ ஃபில்டர் சுமார் 320-ல்தான் திறக்குது, 400-க்கு முன்னாடியே மூடிடுது. கேமரா சென்சாரும் அந்தப் பக்கம் போகப் போக மங்கிடும். அப்புறம் 220 வரைக்கும் திறந்த லென்ஸ் எதுக்கு? வராத விருந்தாளிக்கு இலை போடற மாதிரிதான்.

அந்த 320-லிருந்து 400-க்குள்ள வேலையைப் பாக்கறதுக்குத்தான் பழைய என்லார்ஜர் லென்ஸ். இன்னிக்கு வர்ற ஜூம் லென்ஸ்கள்ல ஏகப்பட்ட கண்ணாடி, ஒட்டுற பசை, அடுக்கடுக்கா கோட்டிங். யூ.வி. அதுலயே செத்துடும். பழைய என்லார்ஜர் லென்ஸ்ல கண்ணாடி கம்மி, கோட்டிங்கும் எளிசு. இன்னொரு காரணமும் உண்டு. கறுப்பு வெள்ளை பிரிண்ட் போடற பேப்பர் நீலத்துக்கும் ஊதாவுக்கும்தான் அதிகமா மசியும். அதனால ஊதாப் பக்கம் ஃபோகஸ் விலகாம பாத்துக்கறது லென்ஸ் செஞ்சவங்களுக்குக் கட்டாயம். 80 மி.மீ. எஃப் 5.6 எல்-நிக்கோரோட பழைய உலோக உடல் பதிப்புக்கு இந்த வட்டாரத்துல பேர் கிடைச்சது சும்மா இல்லை. ஆனா என்லார்ஜர் லென்ஸ் எல்லாமே தேறிடாது. பேர் ஒண்ணா இருந்தாலும் பதிப்பு மாறினா உள்ளே இருக்கறதும் மாறலாம். வாங்கினதும் சோதிச்சுப் பாத்துடணும்.

"அதுல ஃபோகஸ் வளையமே கிடையாதே?" ஆமா, கிடையாது. 39 மி.மீ. திருகுதான். ஒரு ஹெலிகாய்டும் அடாப்டரும் மாட்டினா தீர்ந்தது. ஃபில்டரைப் போட்டுக்கிட்டே லைவ் வியூல ஃபோகஸ் பண்ணினா, கொஞ்சநஞ்சம் விலகினாலும் கண்ணுக்குத் தெரிஞ்சுடும். ட்ரைபாட் வேணும், காத்து அடங்கற வரைக்கும் பொறுமை வேணும். ரெண்டுக்கும் லட்சம் ஆகாது.

காசு கட்டாயம் போக வேண்டிய இடம் வேற. கேமராவுக்குள்ள யூ.வி.யைத் தடுக்கற கண்ணாடியைக் கழட்டணும், நல்ல ஃபில்டர் வாங்கணும். யூ.வி.யை விடற பழைய கறுப்புக் கண்ணாடி ஃபில்டர்கள் அகச்சிவப்பையும் கசிய விடும். சென்சாருக்கோ அகச்சிவப்புன்னா கொள்ளைப் பிரியம். அப்ப கிடைக்கற படம் யூ.வி.யே இல்லை. ஒரு சுலபமான சோதனை சொல்றேன்: யூ.வி.ல பச்சை இலை கறுத்துத் தெரியணும். வெளுத்துத் தெரிஞ்சா அகச்சிவப்பு கசியுது. குவார்ட்ஸ் லென்ஸே மாட்டினாலும் மோசமான ஃபில்டர் போட்டா பொய்ப்படம்தான் வரும்.

1882-ல வந்த புத்தகத்துல ஜான் லபக், கண்ணுக்குத் தெரியாத ஊதாவுக்கு அப்பால இருக்கற ஒளியை எறும்புகள் உணருதுன்னு எழுதினார். ப்ரிஸத்துல பிரிச்ச ஒளியில எறும்புகளை விட்டுப் பாத்தார். அந்த இடத்துல கிடந்த கூட்டுப்புழுக்களை எறும்புகள் தூக்கிட்டு நகர்ந்துச்சு. மனுஷனோட தொழில் என்ன தெரியுமா? பேங்க்கர்! நம்ம துறை ஆளு :)

சூரியகாந்தி நமக்கு முழு மஞ்சள். யூ.வி.ல இதழோட அடிப்பாகம் கறுப்பு, நுனி வெளிச்சம். 2022-ல வந்த ஆய்வு ஒண்ணு, இந்த வளையம் பூச்சிகளைக் கூப்பிடறதோட நிக்கலை, ஊரோட வெப்பத்தோடயும் ஈரப்பதத்தோடயும் அதுக்குத் தொடர்பு இருக்குன்னு காட்டுச்சு. வாய்க்கால் ஓரத்து நெருஞ்சியையும் ஆவாரையையும் இப்படிப் பாக்க ஆசைப்படறவன் பெரும்பாலும் லட்சம் வச்சிருக்கறவன் இல்லை. ஒரே வரியில அவனை விரட்டிட்டா அந்தப் படங்களை யார் எடுப்பா?

ரேகை தேடற தடயவியல் ஆளுங்க 254 நானோமீட்டர் விளக்கு வச்சு வேலை செய்வாங்க. அவங்களுக்கு குவார்ட்ஸ் வேணும், வாங்கட்டும். பூவுக்கும் வெயிலுக்கும் அந்த விலையைக் கட்டச் சொல்லாதீங்க. பழைய ஸ்டுடியோ ஏதாவது என்லார்ஜரை எடைக்குப் போடப் போகுதுன்னு கேள்விப்பட்டா, முதல்ல போய் அந்த லென்ஸைத் திருகிக் கழட்டுங்க. மறுக்கறவங்க தாராளமா மறுக்கலாம், ஆனா எத்தனை நானோமீட்டர்னு கணக்கோட வாங்க.