அனாட்டமி கஷ்டமா, பிசியாலஜி கஷ்டமா?

திண்டிவனத்துல இருந்து புதுச்சேரி போற ரோட்டுல இருக்கற கிளியனூர்தான் எங்க ஊர். போன பொங்கலுக்குப் போயிருந்தப்ப சித்தி வீட்டுல ஒரே பஞ்சாயத்து. சித்தி பொண்ணு எம்.பி.பி.எஸ். முதல் வருஷம். ப்ளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சீட்டு கிடைச்சது.

அவ காலேஜ் சேர்ந்த நாள்ல இருந்து ஊரே கேட்ட ஒரே கேள்வி, "பொணத்தை அறுக்கணுமாமே, பயமா இல்லையா?" அனாட்டமிதான் இவளைக் கவுத்துடும்னு எல்லாரும் முடிவே பண்ணிட்டாங்க. நானும்தான்.

இன்டர்னல் மார்க் வந்தது. அனாட்டமி பாஸ். பிசியாலஜி அவுட்டு!

"பிசியாலஜிதான் ஈஸின்னு சீனியருங்க சொன்னாங்களேண்ணா.." என்று மூக்கை உறிஞ்சினாள். எனக்கும் ஆச்சரியம்தான். நானோ பொட்டி தட்டுறவன், பயாலஜியைப் பள்ளிக்கூடத்தோட தலைமுழுகியவன். இருந்தாலும் ரெண்டு புத்தகத்தையும் வாங்கி மூணு நாள் புரட்டினேன். அதுல எனக்குத் தோணினதுதான் இந்தப் பதிவு.

முதல்ல அனாட்டமி. பாரம் அதிகம், அதுல சந்தேகமே இல்லை. 1997-ல் மருத்துவக் கவுன்சில் போட்ட விதிமுறையிலேயே முதல் வருஷம் அனாட்டமிக்கு 650 மணி நேரம், பிசியாலஜிக்கு 480 மணி நேரம். 206 எலும்பு, அதுல ஒவ்வொரு மணிக்கட்டுலயும் எட்டெட்டு. மண்டையில இருந்து 12 ஜோடி நரம்பு. எல்லாத்துக்கும் வாயில நுழையாத பேர்.

ஆனா அந்தப் பேரெல்லாம் இங்கிலீஷ் இல்லைங்க. பெரும்பாலும் லத்தீன், கிரேக்கம். அதுவும் சாதாரண வீட்டுச் சொற்கள்தான். 'சார்ட்டோரியஸ்'னு தொடையில ஒரு தசை. தையல்காரர்னு அர்த்தம். அந்தக் காலத்துத் தையல்காரங்க சம்மணம் போட்டு உக்கார உதவுற தசை, அவ்வளவுதான். 'காக்சிக்ஸ்'னா குயில். முதுகெலும்போட வால்நுனி குயில் அலகு மாதிரி இருக்காம். 'அசிட்டாபுலம்'னா வினிகர் கிண்ணம். இடுப்புல தொடை எலும்பு வந்து உக்காருற குழி.

சென்னையில கான்வென்ட்ல படிச்ச பையனுக்கும் இதெல்லாம் புதுசுதான். அசிட்டாபுலத்தை அவங்க வீட்டுலயும் யாரும் கூப்பிட்டது கிடையாது :-) அனாட்டமியில எல்லாருமே ஒரே கோட்டுல நின்னுதான் ஓட ஆரம்பிக்கறாங்க. மனப்பாடமும் உழைப்பும் இருந்தா கிளியனூர்ப் பொண்ணு ஜெயிச்சுடலாம். ஜெயிச்சுட்டா.

இப்ப பிசியாலஜி. இங்க பேர் கம்மி, "ஏன், எப்படி" அதிகம். நிமிஷத்துக்கு 72 தரம் துடிக்கற இதயம் ஒவ்வொரு தரமும் 70 மில்லி ரத்தத்தைத் தள்ளினா, நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர். இந்தப் பெருக்கல் எல்லாருக்கும் வரும். அழுத்தம் குறைஞ்சா என்ன ஆகும்னு கேட்டாதான் ஆட்டமே ஆரம்பம்.

அவ ஃபெயிலான கேள்வியும் கிட்டத்தட்ட அதுதான். படுத்திருந்தவர் சட்டுனு எழுந்தா ரத்த அழுத்தத்தை உடம்பு எப்படிச் சரி பண்ணுது? விடைத்தாளைப் பார்த்தேன். இங்கிலீஷ்ல ஒரு பக்கம் எழுதியிருக்கா, எல்லாம் தலைகீழ். அழுத்தம் கூடும்போது நடக்கறதை மனப்பாடம் பண்ணி, குறையும்போது நடக்கறதா எழுதி வச்சிருக்கா.

"சரி, தமிழ்ல சொல்லு பாப்போம்" என்றேன். "இதுவாண்ணா?" என்று ஆரம்பித்தாள்.

எழுந்ததும் ரத்தம் கால்ல தேங்குது. இதயத்துக்குத் திரும்பற ரத்தம் குறையுது, அழுத்தமும் இறங்குது. கழுத்துத் தமனியிலயும் மகாதமனி வளைவுலயும் அழுத்தத்தை உணர்ற நரம்பு முனைங்க இருக்கு. அதுங்க மூளைக்கு அனுப்பற தகவல் குறையுது. அந்தத் தகவலோட வேலையே இதயத்தையும் ரத்தக்குழாயையும் அடக்கி வைக்கறதுதான். அடக்கறது குறைஞ்சதால இதயம் வேகமாத் துடிக்குது, குழாய் சுருங்குது, அழுத்தம் ஏறிடுது. எல்லாம் சில நொடியில.

"நம்ம கொல்லையில டேங்க்குல தண்ணி குறைஞ்சா மோட்டார் தானாப் போடுமே, அது மாதிரிண்ணா."

நான் இஞ்சினியரிங்ல ஒரு செமஸ்டர் முழுக்கக் கட்டி அழுத கன்ட்ரோல் சிஸ்டத்தை, கையில கரும்போட அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டா!

அப்போ அவளுக்குப் புரியாதது பிசியாலஜி இல்லை. "தடுப்பது குறைவதால் கூடுகிறது" மாதிரி இரட்டை எதிர்மறை வாக்கியங்கள் வரிசையா இங்கிலீஷ்ல வந்தா எங்கேயோ ஒரு இடத்துல திசை மாறிடுது. அனாட்டமியில ஒரு பேரை மறந்தா ஒரு மார்க் போகும். பிசியாலஜியில ஒரு வினைச்சொல்லைத் தப்பாப் படிச்சா மொத்த விடையும் போச்சு.

என் கட்சி இதுதான்: அனாட்டமி எல்லாருக்கும் கஷ்டம், பிசியாலஜி தமிழ் மீடியத்துப் பிள்ளைக்குக் கூடுதல் கஷ்டம். நாம பயப்படறதும் பயமுறுத்தறதும் தப்பான பாடத்துக்கு.

தமிழ்ல மருத்துவம்னு பேச்செடுத்தாலே நம்ம ஆளுங்க கலைச்சொல் சண்டைக்குப் போயிடுவாங்க. 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில தமிழ்லயே மருத்துவம் சொல்லிக் கொடுத்தவர். கிரே எழுதின அனாட்டமி 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆச்சு. அவர் அமெரிக்கா திரும்பின பிறகு, 1883-ல் டால்டனோட பிசியாலஜி 'மனுஷ சுகரணம்'னு வந்தது. அங்காதிபாதம், சுகரணம் எல்லாம் இன்னிக்கு வழக்குல இல்லை. உடற்கூறியல், உடலியங்கியல்னு சொல்றோம். சொல் மாறிட்டே இருக்கும். விளக்கத்தைத் தாய்மொழியில சொன்னா மண்டையில ஏறும்னு அவர் நம்பினாரே, அதுதான் விஷயம்.

2022 அக்டோபர்ல போபால்ல ஹிந்தியில அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி புத்தகங்களை வெளியிட்டாங்க. கலைச்சொல்லை இங்கிலீஷ்ல இருக்கற மாதிரியே வச்சுக்கிட்டு, விளக்கம் மட்டும் ஹிந்தியில. கிண்டல் பண்ணினவங்க நிறைய. ஆனா எனக்கு அந்த வழி பரவாயில்லைன்னுதான் படுது.

"மேல்படிப்பு, ஆராய்ச்சி எல்லாம் இங்கிலீஷ்லதானே, பிறகு எப்படிச் சமாளிப்பாங்க?" நியாயமான கேள்வி. நான் இங்கிலீஷைத் தூக்கிப் போடச் சொல்லலை. பேரெல்லாம் அப்படியே இருக்கட்டும். பரீட்சையும் இங்கிலீஷ்லயே இருந்துட்டுப் போகட்டும். முதல் வருஷம் பிசியாலஜிக்கு மட்டுமாவது, வாரத்துக்கு ஒரு மணி நேரம், அந்த வாரப் பாடத்தைத் தமிழ்ல ஒரு தடவை பேசிப் பார்க்க இடம் கொடுங்க. வாத்தியார் கூட வேண்டாம், ஒரு சீனியர் போதும். "படுத்தவர் எழுந்தா என்ன ஆகும்?"னு கேட்டு, பிள்ளையைத் தன் மொழியில சொல்ல விட்டு, அதுக்கப்புறம் இங்கிலீஷ்ல எழுத வைங்க.

இப்ப ஞாயித்துக்கிழமை ராத்திரி அவ எனக்கு போன்ல தமிழ்ல பாடம் எடுக்கறா, பிறகு அதையே இங்கிலீஷ்ல எழுதி அனுப்பறா. போன வாரம் சிறுநீரகம். ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டி ஒண்ணரை லிட்டர் மட்டும் வெளியே விடுதாமே! அடுத்த இன்டர்னல்ல என்ன ஆகுதுன்னு பார்ப்போம்.

முதல் வருஷம் தாண்டி வந்த டாக்டர், நர்ஸ் நண்பர்கள் யாராவது இருந்தா, உங்களை எது கவுத்துச்சுன்னு சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: "அண்ணன் பிசியாலஜி படிக்கறான்"னு சித்தி ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. தலைவலிக்கு மாத்திரை கேட்டு நாலு பேர் வந்துட்டுப் போயாச்சு. அவ்வ்வ்வ்..