12 வருஷம் பெட்டிக்குள்ள கிடந்த போர்வை

போன மாசம் மகளோட சின்னதாப்போன உடுப்பெல்லாம் எடுத்துக் கொடுத்துடலாம்னு க்ளாஸெட் மேல்தட்டைக் காலி பண்ணினேன். கடைசியில ஒரு பிளாஸ்டிக் பெட்டி. திறந்தா, பாதியில விட்ட க்வில்ட்!

12 வருஷம் முன்னாடி, மகள் வயித்துல இருந்தப்ப ஆரம்பிச்சது. "குழந்தைக்குப் பழந்துணிதான் மெத்துனு இருக்கும்"னு சொல்லி அம்மா தன்னோட காட்டன் புடவை நாலு கொடுத்தாங்க. சதுரமா வெட்டி, ஒண்ணோட ஒண்ணு இணைச்சு, மேல்பகுதியை முடிச்சுட்டேன். அப்புறம் பிரசவம். அதோட சரி.

இப்படிப் பாதியில நிக்கிறதுக்கு க்வில்ட் தைக்கிறவங்க வெச்சிருக்கிற பேர் யூ.எஃப்.ஓ. பறக்கும் தட்டு இல்லை, 'அன்ஃபினிஷ்ட் ஆப்ஜெக்ட்'. க்வில்ட்டுக்கு மூணு அடுக்கு: மேலே இணைச்ச துணி, நடுவுல பேட்டிங்னு சொல்ற பஞ்சு விரிப்பு, அடியில ஒரு முழுத்துணி. நிறைய பேர் மேல்பகுதியை ஆசையா முடிச்சுட்டு, மூணையும் சேர்த்துத் தைக்கிற இடத்துல நின்னுடுவாங்க.

நான் நின்னதுக்குக் காரணம் என் பேராசை. ஒவ்வொரு சதுரத்துலயும் கையாலேயே தாமரைப்பூ தைக்கணும்னு திட்டம். கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு! பெட்டியைப் பார்த்தாலே குத்தும். அதனால பார்க்கறதையே விட்டுட்டேன்.

போர்வை அளவு 40க்கு 50 அங்குலம். மகள் போர்த்திப் பார்த்தா. தோளை மூடினா கால் வெளியே. "இது இனிமே யாருக்கும்மா?"ன்னு அவதான் கேட்டா.

அம்மாவுக்கு இப்போ 78 வயசு. ரெண்டு வருஷமா ஞாபகம் நழுவிக்கிட்டே இருக்கு. எங்க நியூ ஜெர்சி குளிருக்கு நாற்காலியில உட்கார்ந்தா கால் சில்லிட்டுப் போகுது. மடியில போட்டுக்க இந்த அளவு கச்சிதம். யாருக்குன்னு முடிவானதுமே, எதை விட்டுடலாம்னும் புரிஞ்சுபோச்சு.

தாமரையை விட்டேன். தையலுக்குப் பதிலா முடிச்சு. சதுரங்கள் சேர்ற மூலையில தடிச்ச நூலை மூணு அடுக்கையும் துளைச்சு வாங்கி, இறுக்கி ரெட்டை முடிச்சு போடணும், அவ்வளவுதான். அமெரிக்காவுல இது பழைய வழக்கம், ஏமாத்து வேலை இல்லை. முடிச்சுக்கு முடிச்சு எவ்வளவு இடைவெளி விடலாம்னு பேட்டிங் உறையிலேயே போட்டிருக்கும். அதைத் தாண்டினா துவைக்கும்போது பஞ்சு நகர்ந்து கட்டிகட்டியாயிடும். ஓரத்துக்கு 2.5 அங்குல அகலத்துல பட்டி. சுற்றளவு 180 அங்குலம். 42 அங்குலத் துணியில 5 பட்டி வெட்டினேன், தாராளமா வந்தது.

ஒரு எச்சரிக்கை. நாலுல ஒண்ணு சிவப்புச் சுங்குடி. ஈரமான வெள்ளைத் துணியால தேய்ச்சுப் பார்த்தா சாயம் ஒட்டிச்சு. அதனால முதல் சலவை குளிர்ந்த தண்ணியில, சாயம் பிடிக்கிற ஷீட் போட்டு.

அலபாமாவுல ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊர். அங்கே 1942-ல மிசூரி பெட்வேங்கிற பெண், இறந்துபோன கணவரோட வேலை உடுப்பை வெட்டி ஒரு க்வில்ட் தைச்சாங்க, அவர் நினைவாப் போர்த்திக்க. பின்னாளில் அது அருங்காட்சியகம் வரைக்கும் போச்சு. முடிச்சு போடும்போதெல்லாம் அதுதான் மனசுல. அந்தம்மாவுக்கு வேற வழியில்லை. எனக்கு அம்மா இருக்காங்களே, ஏன் காத்திருக்கணும்?

மூணு வாரக்கடைசியில முடிஞ்சுது. பாதி முடிச்சு மகள் போட்டது. கொஞ்சம் கோணல்தான், அவிழ்க்கலை.

அம்மா மடியில விரிச்சேன். தடவிப் பார்த்தாங்க. "நல்ல புடவையை யாருடி இப்படி வெட்டினது?" மகள் என்னைப் பார்த்தா. நீங்கதானே கொடுத்தீங்கன்னு சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கிட்டேன். "நான்தாம்மா." கொஞ்ச நேரம் கழிச்சு சிவப்புச் சதுரத்துல விரல் வெச்சு, "இது உங்கப்பா மதுரையில வாங்கினது. கடையில பேரம் பேசத் தெரியலை அவருக்கு"ன்னு சிரிச்சாங்க. இந்தக் கதையை நான் அதுவரைக்கும் கேட்டதே இல்லை.

மகள் அன்னிக்கே அதைத் தமிழ்ல எழுதினா, ரெண்டு எழுத்துப் பிழையோட. அப்படியே ஒரு வெள்ளைத் துண்டுல துணிப் பேனாவால எழுதி, வருஷம் போட்டு, போர்வையோட அடிப்பக்கம் தைச்சுட்டோம்.

மறுநாளும் அம்மா "யாருடி வெட்டினது?"ன்னாங்க. சுங்குடிப் பேச்சு திரும்ப வரலை. ஆனா போர்வை மடியை விட்டு இறங்கலை.

உங்க மேல்தட்டுலயும் ஒரு பெட்டி இருக்கும். குழந்தைக்குன்னு ஆரம்பிச்சது இன்னிக்கு பாட்டிக்கு ஆகலாம், தங்கை குழந்தைக்கு ஆகலாம். முதல்ல யாருக்குன்னு முடிவு பண்ணுங்க. அப்புறம் ஊசியில நூலைக் கோர்த்துக்கலாம். முடிச்சதும் எனக்கு எழுதுங்க. அடுத்த மாசம் சந்திப்போம்.